சிவப்புத் தரையில் ஒரு கை

டிசம்பர் 17, புதன்

காலையில் மூடல். பத்து மணிக்கு மேல் வெயில், அதுவும் மனமில்லாத வெயில். வலது முழங்கால் வலி. பிரஷர் மாத்திரை தீரப்போகிறது, வாங்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்று பல் தேய்க்கும்போது நினைவுக்கு வந்தது. சின்னப் பிள்ளைக்கு மணல் எதற்கு? எழுதப் பழக்க, என்றேன். விரலால் அ, ஆ எழுத. அவர் தலையாட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாத தலையாட்டல். விடை சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார். வேலை முழுவதும் பார்த்து முடித்து, பென்ஷனும் வாங்கத் தொடங்கியாயிற்று. அந்தத் தலையாட்டல் மட்டும் இன்னும் தீரவில்லை.

நினைவு வந்ததற்குக் காரணம் சுகந்தி. என் மனைவி, சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். கிறிஸ்துமஸ் வரைக்கும் சிறு பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வேண்டும், யார் எடுப்பது என்று போதகர் கேட்டாராம். இவள் என் பெயரைச் சொல்லிவிட்டாள். நான் அப்போது ஆலயத்துக்கு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சும்மா இருந்து டிவி பாக்குததுக்கு நாலு பிள்ளியளுக்கு எதாவது சொல்லிக் குடுக்கலாம்லா" என்றாள்.

பெரிய பிள்ளைகள் என்றால் சரி. அவர்களுக்கு இன்னும் பரீட்சை முடியவில்லை. வரப்போவதெல்லாம் மூன்று, நான்கு வயது. மூக்கைச் சிந்தத் தெரியாதவர்கள்.

திட்டம்: வெள்ளைத் துணியில் பிள்ளைகளின் உள்ளங்கையைப் பச்சையில் பதிப்பது. அடியில் பல கைகள், மேலே போகப் போகக் குறைவு, உச்சியில் ஒன்று. கிறிஸ்துமஸ் மரம். ஆலய வாசலில் தொங்கவிட. மீதி நேரத்துக்குத் தட்டுகளில் எதையாவது கொட்டிக் கைவிட்டு அளையவிடுவது.

வேண்டியவை:
துணி, பாலராமபுரம் கைத்தறி. சு. வாங்குவாள் (இனி சு. என்றே எழுதுகிறேன், விரல் வலி)
மரச்சீனி (மரவள்ளி) மாவு, கூழ் காய்ச்ச
பச்சை நிறம், கேக்குக்குப் போடுவது. வாயில் வைத்தாலும் குற்றமில்லை
அகலத் தட்டுகள், உமி, சிறுபயறு
ஆற்று மணல்
பழைய துண்டுகள், நிறைய

ஆலய மண்டபத்தில் கேரல் பயிற்சி நடப்பதால் வகுப்பு எங்கள் முன்னறையில். பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை. கழுவ எளிது என்று சு. சொல்கிறாள். கழுவப்போவது யார் என்று சொல்லவில்லை.


டிசம்பர் 18, வியாழன்

வெயில். காலை பத்து மணிக்கு ஒன்பது பிள்ளைகள். சபைப் பிள்ளைகள் மட்டுமில்லை. பக்கத்து இந்து வீடுகளிலிருந்தும் மூன்று. நல்லதுதான், கை எல்லாருக்கும் உண்டு.

அஜின் என்றொருவன், நான்கு வயது. கூழ்ப் பாத்திரத்தைத் திறந்ததும் முதலில் வந்தவன்.

"சாரே, இது தின்னலாமா?"

"தின்னப்பிடாது மக்கா."

"நான் தின்னாச்சு."

அவன் கை துணியில் பதிந்தது ஒரு முறை. சுவரில், என் வேட்டியில், ஃப்ரிட்ஜில் பதிந்தது எத்தனை முறை என்று தெரியாது. மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக. குளிர்ந்த கூழில் கை முங்கும்போது ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு விதம். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஒருவன் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தான்.

அக்ஸா மட்டும் வரவில்லை. மூன்றரை வயது. இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள். அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றையும் விடாமல். உமித் தட்டை அருகே நகர்த்தி வைத்தேன். ஒரு எட்டு பின்னால் போனாள்.

இவள் வினோதின் மகள். வினோத் மூன்றாம் வகுப்பில் என் மாணவன், முன் பெஞ்சு. இப்போது பட்டாளத்தில், வடகிழக்கே எங்கேயோ மலையில். தாய் பிரீதா செங்கல் என்ற ஊரில் இருந்து கல்யாணமாகி வந்த பெண். வீட்டிலேயே தையல். மதியம் கூட்டிப்போக வந்தவள் துணியைப் பார்த்தாள், மகளின் கையைப் பார்த்தாள். எல்லாப் பிள்ளையின் கையும் பச்சை, இவள் கை மட்டும் சுத்தம்.

வினோத் லீவில் வருகிறானாம், செவ்வாய்க்கிழமை. அதற்குள் பிள்ளையின் கை துணியில் இருக்க வேண்டுமாம். "நான் பிடிச்சுத் தாறேன் சாரே. நீங்க முக்கி எடுத்தா மதி" என்றாள்.

அவசரம் வேண்டாம், தானாக வருவாள் என்றேன். பழைய வாத்தியார் வார்த்தை. எத்தனை தாய்மாரிடம் சொன்னதோ. பிரீதாவின் முகம் அதை நம்பவில்லை.

சாயந்திரம் தரை கழுவினேன். கழுவியது நான்.


டிசம்பர் 19, வெள்ளி

விடியலில் பனி. முழங்காலுக்குத் தைலம்.

மணல் தேடி அலைச்சல். ஆற்றில் அள்ளத் தடை. கட்டட வேலை நடக்கும் இடங்களில் கேட்டால் எல்லாரிடமும் பாறை உடைத்த செயற்கை மணல். கையில் குத்துகிறது, பிள்ளைகளுக்கு ஆகாது. நெய்யாற்றின் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு தட்டு ஆற்று மணல் கிடைக்கவில்லை. கடைசியில் மரமில்லில் இருந்து ரப்பர் மரத்தூள் ஒரு சாக்கு. இலவசம். மெத்தென்று இருக்கிறது, மணமும் நன்று.

திரும்பும் வழியில் டீக்கடை. என் விரல் நகமெல்லாம் பச்சை. டீ ஆற்றியவர் கேட்டார்: "பிள்ளியளுக்க கையெல்லாம் வரச்சு எடுக்கியளாமே சாரே. எலக்சன் முடிஞ்சாச்சே, இனி எதுக்காக்கும் கை?" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கக்கூட அலுப்பு.

வகுப்பில் மரத்தூள் பெரிய வெற்றி. அஜின் அதில் தன் காலைப் புதைத்துவிட்டு, கால் காணவில்லை என்று அழுதான். எடுத்துக் காட்டியபிறகுதான் அழுகை நின்றது.

அக்ஸா கதவோரம். இன்று ஒரு கை மட்டும் அக்குளில். மற்றது தொங்கியது. இதை முன்னேற்றம் என்று எழுதலாமா? எழுதி வைக்கிறேன்.


டிசம்பர் 20, சனி

மோசமான நாள்.

காலையில் துணியை எடுத்து உதறினேன். கைகள் எல்லாம் உதிர்ந்தன. காய்ந்த பொருக்கு மாதிரி, விரல் விரலாக, தரையில். துணியில் மிஞ்சியது ஏதோ பாசி பிடித்தது போன்ற நிழல்.

துணி கோடி, நனைக்காத புதுசு. தறியில் போட்ட கஞ்சி அப்படியே இருக்க, அதன்மேல் நான் கூழைப் பூசியிருக்கிறேன். நனைத்து அலசிவிட்டுத் தா என்று முதலிலேயே சு.விடம் சொன்னேன். ஆண்டவருக்குப் போகிற துணி, கோடியாகத்தான் போக வேண்டும் என்றாள். பாலராமபுரத்தில் இருந்து ஒரு நடை தூரத்தில் குடியிருப்பவர்கள் செய்கிற காரியமா இது. தறிக்காரர் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

அலசிக் காயப்போட்டாயிற்று. கூழில் இனி பசை சேர்க்க வேண்டும். கூழும் புளித்து நாற்றம். எல்லாக் கையும் மறுபடி முதலில் இருந்து.

மதியம் மறுபடி பதித்தோம். எட்டு பேர் மகிழ்ச்சியாக. நான் அஜினின் கையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். பின்னால் ஒரு சத்தம். அப்படி ஒரு சத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதில்லை. பிரீதா அக்ஸாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கூழில் முக்கிவிட்டாள். பிள்ளை வில்லாக வளைந்தது. உதவிக்குப் போன சு.வின் கையில் கடி. பல் பதிந்த இடம் சிவந்துவிட்டது. துணியில் விழுந்தது கை இல்லை, ஒரு பச்சை இழுப்பு.

பிள்ளை தன் கையைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, தோல் போகும்வரை தேய்க்கப் பார்த்தது. உலர்ந்த துண்டை எட்டத்தில் வைத்தேன். அதை எடுத்துத் தானே துடைத்துக்கொண்டது. அதன்பிறகுதான் மூச்சு சீராயிற்று.

சமையலறையில் பிரீதா சு.விடம் சொன்னதை நான் வெளியே நின்று கேட்டேன். போன லீவில் வினோத் பெட்டியைக் கீழே வைத்தானாம், பிள்ளையைத் தூக்கினானாம். அலறின அலறலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்களாம். லீவு முடியும் மட்டும் அவன் கை நீட்டினால் அதே அலறல். ரயில் ஏறும்போது அவன் சொன்னது:

"அவளுக்கு என்னெ வேண்டாம் பிரீதா. விடு."

இவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்ஸா எல்லாரிடமும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் வினோதின் வீட்டார் பிள்ளைக்குக் குறை என்பார்கள், குறை எந்த வழி வந்தது என்று கேட்பார்கள், அது செங்கல் வழிதான் என்று தீர்ப்பும் சொல்வார்கள். ஆகையால் அவன் அங்கே மலையில் இருந்துகொண்டு, தன் பிள்ளைக்குத் தன்னை மட்டும் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். துணியில் பிள்ளையின் கையைக் காட்டினால், எல்லாப் பிள்ளையும் போலத்தான் என்று அவன் நம்புவானாம். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். "நான் வாய் தொறந்தா கேளு" என்றாள் சு. கையில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு.

படுத்தாயிற்று. காதில் இன்னும் அந்தச் சத்தம்.


டிசம்பர் 21, ஞாயிறு

மழை தூறல். ஆராதனையில் பாதி தூக்கம். பிரசங்கம் ஏதோ மேய்ப்பர்களைப் பற்றி.

மகன் பெங்களூரில் இருந்து போன். டிக்கெட் கிடைக்கவில்லை, இந்த வருடமும் வர இயலாது. சரி என்றேன்.

வெளியே அங்கன்வாடி டீச்சரைப் பார்த்தேன். அக்ஸாவைப் பற்றிப் பொதுவாகக் கேட்டேன். அவர் மலையாளத்தில் சொன்னார்: "ஆ கொச்சினு புத்திக்கு ஒரு கொறவும் இல்ல சாரே." அந்தக் குழந்தைக்கு அறிவில் குறையில்லை, தொடுவது மட்டும் தாங்காதாம். ஈரம், பிசுக்கு, திடீரென்று மேலே விழுகிற கை. பாட்டு எல்லாம் மனப்பாடம், நிறங்கள் தெரியும், எண்ண வரும். குழந்தை வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள், பயிற்சி தருவார்கள் என்று பிரீதாவிடம் சொல்லியும் பார்த்திருக்கிறார். போகவில்லை. எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று இருக்கிறாள்.

யோசித்தேன். உதாரணத்துக்கு: சுண்ணாம்புக்கட்டி சில நேரம் பலகையில் கீச்சென்று கீறும். முப்பது பிள்ளைகளில் ஒருவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு துடிப்பான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவன் நடிக்கவில்லை. அந்தச் சத்தம் அவனுக்குள் வேறு எங்கேயோ போகிறது.

இன்னொரு உதாரணம்: நான். பலாச்சுளையின் பிசின் விரலில் ஒட்டினால் எண்ணெய் போட்டுத் துடைக்கும்வரை என்னிடம் பேச முடியாது என்று சு. சொல்வாள். இவளுக்கு உலகமே பலாப்பிசின். அவ்வளவுதான்.

இதை வினோதிடம் சொல்லலாமா? சொன்னால் ஒரு பெண்ணுக்கு சு. கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் ஒருவன் தவறான துக்கத்தோடு இன்னொரு முறை ரயில் ஏறுவான்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.


டிசம்பர் 22, திங்கள்

நல்ல வெயில். பிள்ளைகள் குறைவு. கடைத்தெருவுக்குப் போயிருப்பார்கள்.

பிரீதா வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். நாளை அவன் வருகிறான்.

மற்றவர்களை சு. முற்றத்தில் மரத்தூளோடு வைத்துக்கொண்டாள். நான் முன்னறைத் தரையில். உப்பும் எண்ணெயும் சேர்த்து மாவு உருண்டை பிசைந்து கொடுக்கலாம் என்று. மைதாவில் வண்டு. ஆகவே சல்லடை. முழங்கால் மடங்காது. காலை நீட்டி உட்கார்ந்து, சல்லடையை ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டினேன். கீழே செய்தித்தாள். மாவு பாதி தாளில், பாதி தரையில்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நிழல். அக்ஸா. கதவை விட்டு வந்திருக்கிறாள். நான் நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். குந்தினாள். விழாமல் இருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

மாவு பறந்து அவள் கைமேல் இறங்கியது. கையை இழுப்பாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. சல்லடை காலியாயிற்று. பிடித்த கையால் சல்லடையை ஆட்டிக்கொண்டே, மறு கையால் இன்னும் மாவை அள்ளிப் போட்டேன். வண்டு போய்விட்ட மாவைத்தான் மறுபடி சலிக்கிறேன். யார் கேட்கப்போகிறார்கள்.

அவள் கையை எடுத்தாள். வெள்ளை மாவின் நடுவே சிவப்பாக ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக. கூழில் பதித்த எந்தக் கையும் இவ்வளவு சுத்தமாக வரவில்லை.

பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். அதே இடத்தில் அதே கையை, விரலுக்கு விரல் சரியாக, மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"எனக்க கை" என்றாள்.

வகுப்புக்கு வந்தபிறகு அவள் பேசி நான் கேட்டது இதுதான் முதல். நல்ல கை, என்று ஏதோ சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆசிரியருக்கு இது பெரிய கஷ்டம்.

மதியம் பிரீதாவுக்குத் தரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இத எடுத்துக்கிட்டு போவ ஒக்குமா சாரே?"

ஒக்காது, தரை அல்லவா என்றேன். போனில் படம் எடுக்கப் பார்த்தாள். எடுத்தாளா தெரியவில்லை.


டிசம்பர் 23, செவ்வாய்

காலை மேகம், பிறகு வெயில். சு. அதிகாலையில் இருந்து முந்திரிக்கொத்து. வீடெல்லாம் வெல்ல மணம்.

வினோத் மதியம் வந்தான். பாறசாலையில் ரயில் இறங்கி, வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, பிரீதாவோடு பிள்ளையைக் கூப்பிட வந்திருக்கிறான். முகம் கறுத்துவிட்டது. முடி பட்டாள வெட்டு. அதே சிரிப்பு, முன் பெஞ்சுச் சிரிப்பு.

உள்ளே வரவில்லை. கேட்டருகே நின்றான். வா என்றேன்.

"வேண்டாம் சாரே, நான் இங்கின நிக்கேன். என்னெக் கண்டா அவ பேடிப்பா."

வெறும் செய்தியாகத்தான் சொன்னான், இன்று மழை வரும் என்பது போல. கையில் ஒரு கரடி பொம்மை, பஞ்சு மாதிரி ரோமம் உள்ளது. அதையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். பிரீதா நிலைப்படியில். அவள் கண் என் மேல்.

அப்போது சு. கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நீ ஏன்டே அங்க நிக்குத? உன்னெ மட்டுமா அவளுக்கு ஆவாது? இஞ்ச பாரு." சேலையைத் தள்ளி மணிக்கட்டை நீட்டினாள். "எனக்கும் கிட்டிச்சாக்கும்."

மூன்று நாள் வாக்கு. அவ்வளவுதான் நின்றது.

வினோதுக்குப் புரியவில்லை. "மாமியயுமா?"

"என்னெ மட்டுமா? போதகருக்குக் கிட்டிச்சு, ஜெபம் பண்ண தலயில கை வச்சதுக்கு. அங்கன்வாடி டீச்சருக்க வளையல் ஒடஞ்சுது. முடி வெட்டப் போனா கடைக்காரன் கதவச் சாத்துவான். பிரீதாட்ட கேளு, குளிப்பாட்டுத பாடு."

முற்றத்தில் இருந்து அஜின் ஓடி வந்து தன் மூக்கில் இருந்த பழைய கீறலைக் காட்டினான். அது பூனை கீறியது. ஆனாலும் அக்ஸா என்றே சொன்னான். விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை.

வினோத் பிரீதாவைப் பார்த்தான். "எல்லாருட்டயும் இப்படியாக்குமா?"

பிரீதா தலையசைத்தாள். அடி விழப்போகிறது என்று நிற்கிறவள் போல நின்றாள்.

அவன் சிரிக்கத் தொடங்கினான். முதலில் சத்தமில்லாமல். பிறகு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு எந்த இடத்தில் வேறொன்றாக மாறியது என்று தெரியவில்லை. கரடி பொம்மையால் முகத்தைத் துடைத்தான்.

"இத நீ நேரத்தே பறஞ்சிருந்தா, நான் அங்க ஒறங்கியிருப்பேன் பிரீதா" என்றான்.

அவள், பறைந்தால் உங்கள் வீட்டில், என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. அவனும் முடிக்கச் சொல்லவில்லை.

டாக்டரைப் பற்றி நான் சொன்னேன். இது யார் வழியாகவும் வருவதில்லை, யார் தப்பும் இல்லை, பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று. பலாப்பிசின் உதாரணமும் சொன்னேன். கவனமாகக் கேட்டான். மூன்றாம் வகுப்பில் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. லீவு முடியுமுன் இருவருமாகப் போவதாகச் சொன்னான்.

அக்ஸா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அக்குளில்.

சு.விடம் பிறகு கேட்டேன், வாக்கு என்ன ஆயிற்று. "கொத்து கருகுது" என்று உள்ளே போய்விட்டாள்.


டிசம்பர் 24, புதன்

குளிர். வகுப்பு கடைசி நாள். மரம் முடிந்தது. அலசிய துணியில் கைகள் உதிரவில்லை. அந்தப் பச்சை இழுப்பின்மேல் அஜினின் கை இரண்டு முறை. அக்ஸாவுக்கு விட்ட இடம் வலது ஓரத்தில் காலி. அப்படியே இருக்கட்டும்.

பிள்ளைகள் போனபிறகு வினோத் குடும்பம். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பிரீதா சு.வோடு சமையலறையில். அக்ஸா கதவோரம், தன் இடம்.

வினோதிடம் சல்லடையைக் கொடுத்தேன். இடது கையைத் தரையில் வை, வலது கையில் சல்லடையைப் பிடித்து முழங்காலில் தட்டு, அவளைப் பார்க்காதே, கூப்பிடாதே. பட்டாளத்தில் உத்தரவு கேட்டுப் பழகியவன். காரணம் கேட்காமல் சம்மணம் போட்டான்.

தட்டினான். மாவு அவன் கைமேல், புறங்கை ரோமத்தின்மேல், வாட்ச் மேல். ரொம்ப நேரம். எனக்கு நின்று நின்று கால் கடுத்தது. நாற்காலியை இழுத்தால் சத்தம் வரும். நின்றேன்.

அவன் கையை எடுத்தான். பெரிய சிவப்புக் கை.

அவள் வந்தாள். குந்தினாள். அந்தக் கையைச் சுற்றிவந்து பார்த்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல. பிறகு தன் கையை நீட்டி, அதற்குள் வைத்தாள். தகப்பனின் உள்ளங்கை இருந்த இடத்தில் அவள் கை முழுவதும் அடங்கியது. சுற்றிலும் இன்னும் இடம் மிச்சம்.

வினோதின் சல்லடை நின்றது. நான் விரலால் சைகை காட்டினேன்: தட்டு. தட்டினான். அவள் கைமேல் மாவு இறங்கியது. அவள் அசையவில்லை.

"சாரே, நிறுத்தட்டா?" என்று கேட்டான், என்னைப் பார்க்காமல், மூச்சுக்குள்.

மாவு தீரும்வரை நிறுத்தாதே என்றேன்.

"இன்னும்" என்றாள் அக்ஸா. என்னிடம் இல்லை, அவனிடம்.

அவன் அவளைத் தொடவில்லை. அவளும் அவனைத் தொடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சாண் தரை இருந்தது. இன்றைக்கு அது போதும்.

கிறிஸ்துமஸுக்குத் தரை கழுவ வாளியோடு வந்த சு. வாசலிலேயே நின்றுவிட்டாள். வாளியைத் திருப்பி எடுத்துப்போகையில், "அந்த எடம் மட்டும் கெடக்கட்டு" என்றாள்.


டிசம்பர் 25, வியாழன்

நல்ல விடியல். வெயில். கேரல்காரர்களால் தூக்கம் போனது.

மரம் ஆலய வாசலில். எல்லாரும் தங்கள் தங்கள் பிள்ளையின் கையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அஜினின் தாய்க்கு நான்கு கிடைத்தது. ஓரத்துக் காலி இடத்தைப் பார்த்த வினோதின் தங்கை, அக்ஸாவுக்க கை எங்க மைனி என்று கேட்டாள். எல்லாரும் கேட்கும்படித்தான்.

பிரீதா அவசரப்படவில்லை. "அவளுக்கது சாருக்க வீட்டுத் தரையில கெடக்கு. போய்ப் பாத்துக்க" என்றாள்.

வினோத் அவள் பக்கத்தில் நின்றான். இருவருக்கும் முன்னால் அக்ஸா, இரண்டு கையும் அக்குளில். அவள் அப்படித்தான் நிற்பாள்.

ஆராதனை முடிந்து அவன் வீட்டுக்கு வந்து, சல்லடையை இரவல் கேட்டான். மைதா அவனே வாங்கிக்கொள்வானாம். கொடுத்தேன். புதுவருடத்துக்கு அச்சு முறுக்கு சுட வேண்டும், நாளைக்கே திரும்ப வர வேண்டும் என்று சு. கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மகன் வீடியோ காலில் வந்தான். பேசினோம். பிறகு படுத்தேன். உடம்பு முழுவதும் கல் சுமந்தவன் போல.


டிசம்பர் 26, வெள்ளி

விடாத மழை. மாத்திரை வாங்கியாயிற்று.

முன்னறைத் தரையில் எறும்பு. மாவை ஓரத்தில் இருந்து எடுத்துக்கொண்டு போகின்றன. பெரிய கையின் சுண்டுவிரல் பாதி போய்விட்டது. சு. பார்த்துவிட்டு, மருந்து போட வேண்டாம், தின்னட்டும் என்றாள்.

சல்லடை வரவில்லை. முறுக்கு மாவு இடித்து வைத்தாயிற்று. போய் வாங்கி வரட்டுமா என்று சு. கேட்டாள். வேண்டாம், கடையில் வேறு வாங்கலாம் என்றேன்.

அடுத்த வருடம் இந்த வகுப்பு யார் தலையில் விழுமோ. அவருக்கு: பிள்ளை கை நீட்டாவிட்டால், உன் கையைத் தரையில் வைத்து அதன்மேல் மாவைச் சலி. கூப்பிடாதே.